மேஜைமேல் இருப்பது யாருடையது?

வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். மாதம் தவறாமல் வாடகை கொடுக்கலாம். ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் டெலிபோன் வைத்திருந்தவர்களின் நிலையும் பல்லாண்டு காலம் இப்படித்தான் இருந்தது. கருவி சந்தாதாரரின் மேஜைமேல் இருந்தது. சொந்தக்காரர் டெலிபோன் கம்பெனி. அந்நியப் பொருள் எதையும் அதனுடன் சேர்க்கக் கூடாது என்று கம்பெனி தன் கட்டணப் பட்டியலிலேயே விதி எழுதி வைத்திருந்தது.

இந்த விதியோடு மோதியது ஒரு சின்னக் கிண்ணம் என்றால் நம்புவீர்களா? 'ஹஷ்-எ-போன்' என்பது அதன் பெயர். 1921 முதல் விற்பனையாகி வந்தது. டெலிபோனின் வாய்ப் பகுதியில் மாட்டிக்கொண்டு பேசினால் பக்கத்து மேஜைக்காரரின் காதில் விழாது. இருபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஆபீஸில் இதைவிடப் பெரிய வரம் உண்டா? லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. ஆனாலும் கம்பெனி தடுத்தது. 1948-இல் கிண்ணம் விற்றவர்கள் மத்திய தகவல் தொடர்புக் கமிஷனிடம் முறையிட்டார்கள். ஏழு ஆண்டுகள் யோசித்த கமிஷன், 1955-இல் கம்பெனியின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று.

வழக்கு அப்பீல் கோர்ட்டுக்குப் போயிற்று. 1956 நவம்பரில் நீதிபதிகள் சொன்ன நியாயத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். சந்தாதாரர் கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு மெல்லப் பேசலாமாம்; அதே வேலையைச் செய்து, எழுதுவதற்குக் கையையும் ஓய்வாக விட்டுவைக்கும் ஒரு கிண்ணத்தை மட்டும் மாட்டக் கூடாதாம். இது நியாயமா என்பதே அவர்கள் வாதம். ஒருவருக்குப் பயன்பட்டு, ஊருக்குத் தீங்கு செய்யாத பொருளைத் தடுக்கும் உரிமை கம்பெனிக்கு இல்லை என்று முடித்தார்கள்.

அடுத்து வந்தவர் டெக்ஸாஸ்காரர் தாமஸ் கார்ட்டர். எண்ணெய் வயலில் ரேடியோவில் பேசுகிறவரை ஊரிலுள்ள டெலிபோனுடன் இணைத்துவைக்கும் சாதனம் அவருடையது. ரிசீவரை அதன்மேல் வைத்தால் போதும். கம்பியைத் தொட வேண்டியதில்லை. 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 விற்றார். கம்பெனி தன் சந்தாதாரர்களைப் பயமுறுத்தியது. கார்ட்டர் வழக்குத் தொடுத்தார். 1968 ஜூனில் கமிஷன் அவர் பக்கம் நின்று, அந்த விதியையே செல்லாது என்றது.

கம்பெனி அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுமா? 'சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் எங்கள் பாதுகாப்புப் பெட்டியை வைத்து, அதற்கும் வாடகை கொடுங்கள்' என்றது. 1975-இல்தான் கமிஷன் பதிவு முறையைக் கொண்டு வந்தது. பரீட்சையில் தேறிப் பதிவு எண் பெற்ற கருவியை யார் வேண்டுமானாலும் வாங்கிச் செருகலாம். ஆபீஸ் சுவிட்சுபோர்டுகளும் பிறகு அந்த வழியில் வந்தன. கருவியின் அடியில் இன்னோர் எண்ணும் ஒட்டியிருக்கும். பழைய மணி டெலிபோன் ஒன்றின் சுமை ஒன்று என்று கணக்கு. ஒரு லைனில் மொத்தம் ஐந்தைத் தாண்டினால் மணி சரியாக அடிக்காமல் போகலாம். இந்த அளவு மின்சாரம் வைத்த அளவு. யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். டெலிபோன், கம்ப்யூட்டர் வலையில் ஓடத் தொடங்கியதும் சிஸ்கோ கம்பெனி தன் ஆபீஸ் டெலிபோன் அமைப்பில் 'சாதன லைசென்ஸ் அலகு' என்ற கணக்கை வைத்தது. எளிய போனுக்குச் சில அலகுகள், ஆடம்பர போனுக்கு அதிக அலகுகள். வாங்கிய அலகுகள் தீர்ந்தால் புதுப் போனைச் சேர்க்க முடியாது. கருவி இருக்கும், கம்பி இருக்கும், புதிதாக வேலைக்கு வந்தவரும் இருப்பார். பேச்சு மட்டும் இராது. ஓய்வு பெற்றுப் போனவரின் டெலிபோன் அலமாரியில் தூங்கினாலும், பதிவேட்டிலிருந்து அதை நீக்கும்வரை அலகைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே அந்தப் பதிவேட்டைக் கவனிக்கிறவருக்கு, போனைச் சேர்ப்பதைவிடச் செத்த போனை எடுப்பதே முக்கிய வேலையாயிற்று. 2012-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் கருவியை எண்ணுவதை விட்டு ஆளை எண்ணத் தொடங்கினார்கள். ஒரே ஆளுக்கு மேஜைமேல் ஒன்றும் பையில் ஒன்றும் இருக்கும் காலமல்லவா?

மென்பொருள் எழுதியவர்களுக்குக் கூலி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். நான் சொல்வது வேறு. ஐந்து என்ற பழைய எல்லை கம்பியின் பலம் சொன்னது. அலகுக் கணக்கு விற்றவரின் கணக்குப் புத்தகம் சொன்னது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இரண்டாவதைப் பேரம் பேசலாம், முதலாவதைப் பேச முடியாது. லைசென்ஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் எந்த ஆபீஸ்காரரும் 1956-இல் அந்த நீதிபதிகள் கேட்டதையே கேட்கலாம்: இந்தத் தடை நீங்கினால் யாருக்குத் தீங்கு?