இசைப்பதிவும் குறுக்கு விசைகளும்

கருவி மாறுந்தோறும் கைப்பழக்கமும் மாறுதல் கலைவரலாறு காட்டும் உண்மையாகும். இசைப்பதிவாளர் இன்று கணினியிற் பயிலும் குறுக்கு விசைகள் விரைவின்பொருட்டு எழுந்தவை என்பர் பலர். அவற்றின் வரலாற்றை ஆராயின், பழைய கைத்தொழிலொன்றின் வழிவந்தவை அவை என்பது புலனாகும்.

1935ஆம் ஆண்டிலே பேர்லின் வானொலிக் கண்காட்சியில் மக்னற்றோபோன் என்னும் காந்த நாடாக் கருவி காட்சிக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்பின் நாடாப் பதிவு அமெரிக்காவிலும் பரவிற்று. பதிவைத் திருத்துவோர் நாடாவைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, ஒலி தொடங்கும் இடத்தைச் செவியால் அறிந்து, மெழுகுப் பென்சிலாற் குறியிட்டு, சவர அலகினாற் சரிவாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைத்தனர். வெட்டுப் பிழைப்பின் பதிவு கெடும். ஆதலின், வெட்டுமுன் கூர்ந்து கேட்டல் அத்தொழிலின் முதல் ஒழுக்கமாயிற்று.

கணினியில் வெட்டுதலும் ஒட்டுதலும் முதலில் எழுத்துக்கே உரியனவாயின. 1970களில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்திலே லரி ரெஸ்லரும் ரிம் மொற்றும் ஆக்கிய ஜிப்சி என்னும் எழுத்துத் திருத்தியில் அவை இடம்பெற்றன. 1984இல் வெளிவந்த ஆப்பிள் மக்கின்ரொஷ் கணினியில், கீழ்வரிசையிலே அடுத்தடுத்துள்ள எக்ஸ், சீ, வீ என்னும் விசைகள் முறையே வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதலுக்கு அமைந்தன. அவற்றின் அயலிலுள்ள இசட் செய்ததை மீட்டது. 1989இல் தோன்றிய கியூபேஸ், 1991இல் தோன்றிய புரோ ரூல்ஸ் முதலிய மென்பொருள்கள் வளர, இசையும் திரையிலே கண்டு திருத்தும் பொருளாயிற்று; சவர அலகின் வேலை விசைக்கு வந்தது.

இவற்றைப் பயிலுமாறு யாது? ஒலிக்கவும் நிறுத்தவும் இடைவெளி விசையே பெரும்பாலும் பொதுவாகும். பதிவைத் தொடங்கும் விசையோ லொஜிக்கில் ஆர், புரோ ரூல்ஸில் எஃப்12, ஏபிள்ரன் லைவில் எஃப்9 என வேறுபடும். ஆதலின், நீண்ட பட்டியலை மனனஞ் செய்வதினும், தாம் நாள்தோறும் செய்யும் செயல்கள் ஐந்தாறினைத் தெரிந்து, அவற்றின் விசைகளை விரல் தானே நாடும்வரை பழகுதல் சிறந்தது. கண் பட்டியலிலே தேடி அலையாதவிடத்துச் செவி இசையில் நிலைத்திருக்கும். இப்பயிற்சியின் உண்மைப் பயன் இதுவே.

எனினும், ஓர் ஆபத்தும் உண்டு. மீட்கலாம் என்னுந் துணிவு, கேளாது வெட்டும் வழக்கத்துக்கு இடந்தருகின்றது. அலகு கற்பித்த பொறுமையையும் விசை தந்த விரைவையும் ஒருங்கே கொள்பவனே நற்பதிவாளனாவான்.