தன் வாழ்க்கைக் குறிப்பில் திருத்தம் கோருதல்

இணையக் கலைக்களஞ்சியத்தில் தம்மைப் பற்றிய கட்டுரையில் பிழை கண்ட ஒருவர், தாமே கைவைக்காமல், பிற தொகுப்பாளர்களிடம் ஆதாரம் காட்டி மாற்றச் செய்யும் நடைமுறை. 2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியாவில்தான் இது முறைப்பட்டது. இங்கே சொல்லப்படுவதும் அங்குள்ள வழக்கமே. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து கிடக்கும் இடத்தில், கட்டுரைக்கு உரியவர் மட்டும் வாசலில் நின்று கேட்க வேண்டும் என்பது முதலில் அநியாயமாகவே படும். தன்னைப் பற்றி எழுதும் கை எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததுதானே என்பது விக்கிப்பீடியர்களின் பதில். இதை அவர்கள் நலமுரண் என்பார்கள். நிறுவனர் ஜிம்மி வேல்ஸே தம் கட்டுரையில், இணை நிறுவனராக லாரி சாங்கருக்கு இருந்த இடத்தைக் குறைக்கும் விதமாகத் திருத்தங்கள் செய்து, 2005 டிசம்பரில் அது வெளியே தெரிந்து, வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

அதே டிசம்பரில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. ஜான் சைகன்தாலர் அமெரிக்க இதழாளர். ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர், அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் இவர்மீது சந்தேகம் இருந்ததாக 2005 மே மாதம் பெயர் தெரியாத ஒருவர் விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். உடன் வேலை செய்தவரை ஏமாற்றச் செய்த விளையாட்டு அது என்று பிற்பாடு தெரிந்தது. சுமார் நான்கு மாதம் யாரும் அதை நீக்கவில்லை. விக்கிப்பீடியாவில் நீக்கிய பிறகும், அதைப் பிரதியெடுத்திருந்த வேறு தளங்களில் சில வாரங்கள் அது நின்றது. நவம்பர் 29 அன்று யூஎஸ்ஏ டுடே நாளிதழில் சைகன்தாலர் எழுதிய கட்டுரை விக்கிப்பீடியாவை உலுக்கிவிட்டது. கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவதை ஆங்கில விக்கிப்பீடியா நிறுத்தியதும், வாழும் மனிதர்களைப் பற்றிய தனிக் கொள்கை உருவானதும் அந்தச் சூட்டில்தான்.

வாழ்பவரைப் பற்றி ஆதாரமில்லாமலோ நொண்டி ஆதாரத்தோடோ எழுதப்பட்ட சர்ச்சைக்குரிய செய்தியை, பேசி முடிவெடுக்கக் காத்திராமல் உடனே தூக்கிவிட வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை. அப்பட்டமான அவதூறை உரியவரே நீக்கலாம், அதற்குத் தடையில்லை. இந்த அவசரம் வீணல்ல. துருக்கிய வரலாற்றாசிரியர் தானெர் அக்சாம் 2007 பிப்ரவரியில் மான்ட்ரியல் விமான நிலையத்தில் சில மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார். அவரைப் பயங்கரவாதி என்று யாரோ விஷமத்துக்கு எழுதிவைத்த விக்கிப்பீடியா பக்கத்தின் அச்சுப்படி அதிகாரியிடம் இருந்ததாக அவர் பிறகு எழுதினார்.

அவதூறு அல்லாத பிழைகளுக்கு உரிய இடம், ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் இருக்கும் பேச்சுப் பக்கம். ‘என்னைப் பற்றித் தப்பும் தவறுமாக இருக்கிறது, உடனே சரிசெய்யுங்கள்’ என்று அங்கே எழுதினால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. எந்த வரி, அதில் இப்போது என்ன இருக்கிறது, என்ன வர வேண்டும், அது எங்கே அச்சாகியிருக்கிறது என்று சொன்னால் வேலை நடக்கும். ‘இரண்டாம் பத்தியில் முதல் நாவல் வெளிவந்த ஆண்டு 1994 என உள்ளது, 1992 என மாற்றக் கோருகிறேன். முதல் பதிப்பின் உரிமைப் பக்கத்தில் ஆண்டு இருக்கிறது. இக்கட்டுரை என்னைப் பற்றியது.’ இவ்வளவு போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. சம்பளம் வாங்கும் உதவியாளரோ விளம்பர முகவரோ எழுதினால், யாருக்காக, யார் பணத்தில் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2014 ஜூன் முதல் பயன்பாட்டு விதியாகவே இருக்கிறது. பொதுவில் பேச விரும்பாதவர் தன்னார்வலர் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். வழக்குப் போடுவேன் என்று பேச்சுப் பக்கத்தில் மிரட்டினால், மிரட்டல் திரும்பப் பெறப்படும் வரை கணக்கு முடக்கப்படலாம்.

உரியவர் சொன்னாலும் ஏற்காத இடம் ஒன்று உண்டு; மனத்தாங்கல்கள் அதிகம் பிறப்பது அங்கேதான். நாவலாசிரியர் பிலிப் ராத், தம் ‘தி ஹ்யூமன் ஸ்டெய்ன்’ நாவலின் நாயகன் விமர்சகர் அனடோல் பிராய்யார்டை வைத்து உருவானவன் என்ற குறிப்பை நீக்கச் சொன்னார். எழுதியவர் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனாலும் வேறோர் ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. ராத் 2012 செப்டம்பரில் நியூ யார்க்கர் இதழின் தளத்தில் விக்கிப்பீடியாவுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி, மெல்வின் டியூமின் என்ற பிரின்ஸ்டன் சமூகவியலாளரின் அனுபவமே மூலம் என்றார். அந்தக் கடிதமே ஆதாரமாகிக் கட்டுரையும் திருந்தியது. இதைக் கேலிக்கூத்து என்றார்கள் பலர். அப்படி ஒதுக்கிவிட முடியாது. பிராய்யார்டின் பெயரைச் சொன்ன விமர்சகர்கள் இருந்தார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதும் உண்மை, ராத் மறுப்பதும் உண்மை. இரண்டையும் பதிவுசெய்வதே கலைக்களஞ்சியத்தின் வேலை.

எமிலி செயின்ட் ஜான் மேன்டல் கதை வேறு. விவாகரத்து ஆன பிறகும் தம் பக்கத்தில் மணமானவர் என்றே இருப்பதைக் கண்ட இந்த நாவலாசிரியர், 2022 டிசம்பரில் யாராவது தம்மைப் பேட்டி எடுத்து அதைக் கேட்கும்படி ட்விட்டரில் வேண்டிக்கொண்டார். ஸ்லேட் இதழ் கேட்டது, பக்கம் மாறியது. உண்மையில் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. பிறந்த தேதி, படிப்பு, மணம் போன்ற, தற்புகழ்ச்சி கலவாத தகவல்களுக்கு ஒருவரின் சொந்தத் தளமே ஆதாரமாகப் போதும் என்று கொள்கை இடம் தருகிறது. விதி தளர்ந்திருக்கும் இடத்திலும் தொகுப்பாளர்கள் சிலர் விறைப்பாக நிற்பதுண்டு. குறை அங்கே இருக்கிறது.

பிறந்த தேதி தமிழர்களுக்குத் தனிச் சிக்கல். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி சான்றிதழில் இருக்கும், வீட்டார் சொல்வது வேறாக இருக்கும். நூலின் பின்னட்டையில் ஒன்றும் விருதுச் செய்தியில் இன்னொன்றுமாக வந்திருந்தால், இரண்டையும் ஆதாரத்தோடு குறிப்பதே நேர்மை. தேதி வெளியே தெரிவதை விரும்பாதவர் கேட்டுக்கொண்டால் ஆண்டை மட்டும் வைக்க வேண்டும் என்பதே வழக்கம்.

படத்தை மாற்றுவது எளிது என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருடையது, படத்தில் இருப்பவருடையது அல்ல; எடுத்தவர் அதைக் கட்டற்ற உரிமத்தில் விட எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கட்டுரையையே நீக்கச் சொல்வதும் உண்டு. அவ்வளவாக அறியப்படாதவர் என்றால் அந்த விருப்பத்தை எடைபோட்டுப் பார்ப்பார்கள். அமைச்சருக்கோ நடிகருக்கோ அது நடக்காது.

2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் பேச்சுப் பக்கக் கோரிக்கையை யாரும் கவனிக்கவில்லை என்றால் ஒத்தாசைப் பக்கத்திலோ ஆலமரத்தடி என்னும் பொது உரையாடல் பக்கத்திலோ கேட்கலாம். ஒவ்வொரு மொழிப் பதிப்பும் தனித்தனி. ஆங்கிலத்தில் திருந்தியது தமிழில் தானாகத் திருந்தாது. தேடுபொறியில் பெயருக்குப் பக்கத்தில் வரும் தகவல் பெட்டிக்கும், விக்கித்தரவு என்னும் தரவுத்தளத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும்.