கியர் விழ மாட்டேங்குதா? பழைய காரில் கியர்பாக்ஸ்தான் போச்சா, வேறு கோளாறா? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

மாருதி 800 காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு ஜனவரியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் ஆல்டோ, சான்ட்ரோ, ஜென் போன்ற பழைய சின்ன கார்களோடு சேர்ந்து அதுவும் இன்னும் நம் ஊர் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முதல் கார் வாங்கும் பல குடும்பங்களுக்கு இப்படி ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டிதான் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது.

இந்த வண்டிகளின் உரிமையாளர்கள் அதிகம் பயப்படும் வார்த்தை, "கியர்பாக்ஸ் போச்சு சார்". காரணம் செலவு. கியர்பாக்ஸை இறக்கி பிரித்து சரி செய்யும் செலவு, சில நேரம் வண்டியின் மதிப்போடு போட்டி போடும் அளவுக்கு வந்துவிடும். ஆனால் கியர் சரியாக விழவில்லை என்றாலே கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. சில நூறு ரூபாய் கிளட்ச் கேபிளும் இதே தொல்லையைக் கொடுக்கும். எது எதனால் வருகிறது, வீட்டு வாசலிலேயே எப்படி சோதிப்பது என்பதை இந்த தொகுப்பில் விரிவாக பார்க்கலாம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜினின் சுழற்சி நேராக சக்கரத்துக்குப் போவதில்லை. முதலில் கிளட்ச், அடுத்து கியர்பாக்ஸ், அதன்பின் டிஃபரன்ஷியல், கடைசியாக டிரைவ் ஷாஃப்ட் வழியாக முன் சக்கரம். இதுதான் பாதை. முன் சக்கரம் இழுக்கும் சின்ன கார்களில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், ஒரே ஆயிலில்தான் ஓடும்.

கிளட்சை மிதிக்கும்போது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு துண்டாகிறது. அந்த நேரத்தில் நாம் கியரை மாற்றுகிறோம். வேறு வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை உரசி, ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து வைக்கும் வேலையை சின்க்ரோ ரிங் என்ற வளையம் செய்கிறது. பழைய கார்களில் இது பெரும்பாலும் பித்தளை. வருடக்கணக்கில் உரசி உரசி தேய்வதும் இதுதான்.

ஆக, கியர் விழாததற்கு மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம்: கிளட்ச் முழுசாக விடவில்லை, கியர் லிவரிலிருந்து போகும் இணைப்பில் கோளாறு, அல்லது கியர்பாக்ஸின் உள்ளேயே தேய்மானம். முதல் இரண்டும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மூன்றாவதற்குப் போக வேண்டும்.

சோதனை 1: இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போடுங்கள்

வண்டியை சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். கிளட்சை முழுசாக மிதித்து ஒவ்வொரு கியராக போட்டுப் பாருங்கள்.

அணைத்திருக்கும்போது எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஸ்டார்ட் செய்ததும் டைட் ஆகிறது என்றால், பெரும்பாலும் பிரச்சினை கிளட்சில்தான். மிதித்தாலும் அது முழுசாக விடவில்லை.

அணைத்திருக்கும்போதும் கியர் விழவில்லை என்றால் லிவர் இணைப்பைப் பாருங்கள். லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கம்பியோ கேபிளோ இருக்கும். அதிலுள்ள ரப்பர், பிளாஸ்டிக் புஷ்கள் தேய்ந்தால் லிவர் தொளதொளவென்று ஆடும், எந்த கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இதற்கு கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம்.

சோதனை 2: ரிவர்ஸ் சொல்லும் உண்மை

பழைய சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸ் கியருக்கு சின்க்ரோ கிடையாது. அதனால் அது கிளட்சை சோதிக்க நல்ல கருவி.

இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். வண்டி அசையாமல் நிற்கட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, 5 விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். அந்த இடைவெளியில் உள்ளே சுழல்வது நின்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் "கர்ர்ர்" என்று கடித்தால் கிளட்ச் விடவில்லை என்றுதான் அர்த்தம். பொறுக்காமல் சட்டென்று போட்டால் வரும் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல வண்டியிலும் அது வரும்.

கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் பெடலை கையால் அழுத்தினால், இறுக்கம் தெரியும் முன் கொஞ்சம் சும்மா போகும். இதற்கு ஃப்ரீ பிளே என்று பெயர். அது அளவுக்கு மீறி இருந்தால் கிளட்ச் முழுசாக விடாது. சுத்தமாக இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். சரியான அளவு வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். பல நேரம் கேபிள் நட்டை திருகுவதோடு வேலை முடிந்துவிடும்.

சோதனை 3: வழுக்குவது கியரா, கிளட்சா?

"ஆக்ஸிலேட்டர் மிதிச்சா சத்தம் மட்டும் வருது, வண்டி போகல. கியர் ஸ்லிப் ஆகுது" என்று சொல்பவர்கள் நிறைய பேர். உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ் இப்படி வழுக்காது. அதில் பற்கள் ஒன்றோடு ஒன்று கோர்த்திருக்கும் அல்லது வெளியே வந்துவிடும். நடுவில் ஒரு நிலை இல்லை. வழுக்குவது கிளட்ச் பிளேட்.

காலியான நேர் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் 4வது கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. மேடு ஏறும்போது கருகிய வாடை வந்தாலும் இதே கதைதான்.

சோதனை 4: சத்தம் எப்போது வருகிறது?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து விட்டு மிதித்து விட்டு கேளுங்கள்.

- கிளட்சை விட்டிருக்கும்போது உறுமல், மிதித்ததும் சத்தம் நின்றுவிடுகிறது: கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மீது சந்தேகம் வைக்கலாம். இது உள் வேலை.
- மிதிக்கும்போது மட்டும் கிறீச் அல்லது உரசல் சத்தம்: கிளட்ச் ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸை கழற்றித்தான் மாற்ற முடியும், ஆனால் அதை பிரிக்கத் தேவையில்லை.

அடுத்து ஓட்டிப் பாருங்கள்.

- குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் ஊளைச் சத்தம்: அந்த கியரின் பற்கள் அல்லது அதன் பேரிங் தேய்ந்திருக்கலாம்.
- எல்லா கியரிலும், கிளட்சை மிதித்தாலும், வண்டி வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம்: டிஃபரன்ஷியல் பேரிங் அல்லது வீல் பேரிங். ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதும் திருப்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங் பக்கம்தான் அதிகம் சாயும்.
- முழுசாக ஒடித்துத் திருப்பும்போது "டக் டக் டக்": டிரைவ் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட். இதற்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தம் இல்லை.

சோதனை 5: ஒரே கியர் மட்டும் கடிக்கிறதா?

மற்ற கியர்கள் பிரச்சினை இல்லாமல் விழுந்து, 2வது அல்லது 3வது மட்டும் கடித்தால், அந்த கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நகர நெரிசலில் அதிகம் அடி வாங்குவது 2வது கியர்தான் என்பதால் அது முதலில் போவது வழக்கம்.

இதை உறுதி செய்ய டிரைவர்கள் செய்யும் பழைய வித்தை ஒன்று உண்டு. 3ல் இருந்து 2க்கு இறக்கும்போது, கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்து 2ஐ போட வேண்டும். இப்படி செய்தால் சத்தமில்லாமல் விழுகிறது என்றால், சின்க்ரோ செய்ய வேண்டிய வேலையை உங்கள் கால் செய்திருக்கிறது. தேய்மானம் சின்க்ரோவில்தான்.

போட்ட கியர் தெறித்து வெளியே வருகிறதா? இது ஆபத்து

ஆக்ஸிலேட்டரை விடும்போதோ மேடு பள்ளத்தில் இறங்கும்போதோ லிவர் தானாக நியூட்ரலுக்கு வருவதை சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை போன்ற பாதையில் இறங்கும்போது, வண்டியை கட்டுப்படுத்துவதில் பெரும் பங்கு கியரில் கிடைக்கும் இன்ஜின் பிடிப்புக்குத்தான். கியர் தெறித்தால் மொத்த பாரமும் பிரேக் மீது விழும். பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும்.

இதற்கு உள்ளே இருக்கும் ஷிஃப்ட் ஃபோர்க், கியரை நிறுத்தி வைக்கும் பால்-ஸ்பிரிங், தேய்ந்த பற்கள் காரணமாக இருக்கலாம். ஆனால் இன்ஜின் மவுண்ட் உடைந்து, இன்ஜின் முன்னும் பின்னும் ஆடி, லிவர் இணைப்பை இழுப்பதாலும் இதே நடக்கும். எனவே மவுண்டையும் புஷ்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சரியாகும்வரை மலைப்பாதைக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

ஆயில் என்ன சொல்கிறது?

இன்ஜின் ஆயிலை மறக்காமல் மாற்றும் பலர் கியர் ஆயிலை திரும்பிக்கூட பார்ப்பதில்லை. பழைய வண்டிகளில் டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் வழியாக அது சொட்டு சொட்டாக கசியும். பார்க்க டிப் ஸ்டிக்கும் இருக்காது. வண்டியை லிஃப்டில் மட்டமாக நிறுத்தி, கியர்பாக்ஸின் பக்கவாட்டு ஃபில்லர் பிளக்கை கழற்றினால், ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். பல கார்களில் இதுதான் முறை.

ஆயிலை இறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

- டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிற குழைவு: சாதாரண தேய்மானம், பயம் வேண்டாம்.
- ஆயிலில் தங்க நிற மினுமினுப்பு: பித்தளை சின்க்ரோ தேய்கிறது.
- இரும்புத் துண்டு, பல் துணுக்கு: இதற்கு மேல் ஓட்டாதீர்கள்.
- பால் கலந்த டீ போன்ற நிறம்: தண்ணீர் புகுந்துவிட்டது.

கடைசியாக சொன்னது சென்னைவாசிகளுக்கு முக்கியம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகளில் இன்ஜினை மட்டும் சரி செய்துவிட்டு கியர் ஆயிலை மாற்றாமல் விட்டால், உள்ளே பேரிங் துருப்பிடிக்கும். கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியாகவே தண்ணீர் உள்ளே போகலாம். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றிருந்தால் கியர் ஆயிலையும் பார்த்துவிடுங்கள்.

ஆயில் வாங்கும்போது கையேட்டில் உள்ள ரகத்தையே கேளுங்கள். ஜி.எல்-4 என்று போட்டிருந்தால் "ஜி.எல்-5 இன்னும் பெட்டர் சார்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். சில ஜி.எல்-5 ஆயில்களில் உள்ள ரசாயனம் பித்தளை சின்க்ரோவுக்கு ஒத்துக்கொள்ளாது.

மெக்கானிக்கிடம் எப்படி சொல்வது?

"கியர் பிரச்சினை, பாருங்க" என்று மட்டும் சொல்லி சாவியைக் கொடுத்தால், அவர் யூகத்தில்தான் தொடங்க வேண்டும். "அண்ணே, இன்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் விழுது, ரிவர்ஸும் கடிக்கல, ஓடும்போது 2வது மட்டும்தான் கடிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலை முடிந்தது. தேவையில்லாத செலவும் குறையும்.

கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும் என்றால் இவற்றை கவனியுங்கள்:

- கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றின் நிலையையும் அப்போதே பாருங்கள். பிறகு தனியாக செய்தால் அதே லேபர் இன்னொரு முறை.
- கழற்றிய பழைய பாகங்களை கேட்டு வாங்கிப் பாருங்கள். எது தேய்ந்தது என்று கண்ணால் பார்க்கலாம்.
- உள்வேலை அதிகம் என்றால் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாக சந்தைகளில் கிடைக்கும் கியர்பாக்ஸும் ஒரு வழி. ஷாஃப்டை கையால் சுற்றியும் ஆட்டியும் பார்த்து, பில்லோடு, மாற்றித் தரும் உத்தரவாதம் கேட்டு வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறீர்களா?

இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் பாருங்கள். சத்தத்தை அமுக்க கெட்டியான ஆயில் ஊற்றிவிடும் வழக்கம் உண்டு. அப்படி இருந்தால் வண்டி குளிர்ந்திருக்கும்போது கியர் வழக்கத்தைவிட இறுக்கமாக விழும். பிறகு அரை மணி நேரமாவது ஓட்டி, எல்லா கியரையும் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். டெஸ்ட் டிரைவில் ரேடியோவை ஆஃப் செய்துவிட்டு, ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினாலே பாதி உண்மை காதில் விழுந்துவிடும்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

சத்தம் நாளுக்கு நாள் ஏறுகிறது, ஆயிலில் இரும்புத் துண்டு தெரிகிறது, கியர் அடிக்கடி தெறிக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் "ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டிட்டு போயிடலாம்" என்று நினைக்காதீர்கள். உள்ளே பேரிங் உடைந்து சிக்கினால் ஓடும் வண்டியின் முன் சக்கரம் இறுகி நிற்கலாம். அதற்குப் பதில் முன் சக்கரங்களைத் தூக்கி இழுத்துச் செல்லும் வண்டியை அழைப்பதே பாதுகாப்பு. அந்த வாடகை, உடைந்த கியர்பாக்ஸ் கூட்டை மாற்றும் செலவைவிட எப்போதும் குறைவுதான்.