உடலறிவும் யோக நெறியும் – ஒரு வரலாற்று நோக்கு

யோகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், தலைகீழாய் நிற்கும் ஒருவரின் உருவமே இன்று பலருடைய மனக்கண்ணில் தோன்றுகின்றது. உடலை வில்லாய் வளைப்பதும், பாம்பாய்ப் படுத்துத் தலை நிமிர்த்துவதுமே யோகம் என்று கருதுவோர் நம்மிடையே மிகப் பலர். அவ்வாறு வளைய இயலாத முதியோரும், நாள் முழுதும் உழைத்துக் களைத்தோரும் ‘இஃது எமக்கு உரியதன்று’ என ஒதுங்கி விடுகின்றனர். இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? தொடக்கம் முதலே யோகம் இவ்வாறுதான் இருந்ததா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது பயன் தரும்.

யோக நெறியை முறைப்படுத்தித் தந்த முதன்மை நூல் பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆகும். கி.பி. முதல் ஐந்து நூற்றாண்டுகளுக்குள் அஃது உருப்பெற்றது என்பர் ஆய்வாளர் பலர். ஏறத்தாழ 195 நூற்பாக்களைக் கொண்ட அந்நூலில், ஆசனத்தைப் பற்றிப் பேசுவன மூன்றே மூன்று. அவையும் எந்த ஆசனத்தையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. உறுதியாகவும் இனிமையாகவும் அமர்ந்திருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். ஆசனம் என்னும் சொல்லுக்கே இருக்கை என்பதுதான் பொருள். எட்டு உறுப்புகளுள் அது மூன்றாவதாகவே வைக்கப்பட்டுள்ளது. அதற்கு முன்னே இயமமும் நியமமும் நிற்கின்றன. தீங்கு செய்யாமை, வாய்மை, கள்ளாமை முதலியன இயமம். தூய்மை, மனநிறைவு முதலியன நியமம். எனவே, ஒழுக்கம் இன்றி உடற்பயிற்சி மட்டும் யோகமாகாது என்பது தெளிவு.

தமிழகத்திலும் இச்சிந்தனை வேரூன்றியிருந்தது. பத்தாம் திருமுறையாகிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தை விரித்துரைக்கின்றது. உடம்பை இழிவென ஒதுக்கும் போக்கிலிருந்து விலகி, இறைவன் உறையும் இடமாக அதனைக் கண்டு போற்றியவர் திருமூலர். திருவள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தில், உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணுமாறு வலியுறுத்துகின்றார். செரித்ததை யார் அறிவர்? உண்டவரே அறிதல் வேண்டும். தன் உடலின் குரலைத் தானே கேட்கும் பழக்கத்தைத்தான் இன்று உடலறிவு என்கின்றோம்.

பின்வந்த ஹட யோகிகள் உடலுக்கு மேலும் இடம் தந்தனர். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விளக்குகின்றது. அதற்குப் பின் எழுந்த கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களைக் கூறுகின்றது. எண்ணிக்கை பெருகிய போதும், மூச்சும் மனமும் ஒடுங்குவதற்கு உடலைப் பக்குவப்படுத்துவதே நோக்கமாக இருந்தது.

பெருந்திருப்பம் நிகழ்ந்தது 20ஆம் நூற்றாண்டிலேதான். அந்நியர் ஆட்சியில் இந்தியர் உடல்வலி குன்றியவர் என்ற பழிச்சொல் நிலவிய காலம் அது. இளைஞர் உடலை உரமேற்றும் வேட்கை நாடெங்கும் எழுந்தது. 1924இல் சுவாமி குவலயானந்தர் லோணாவ்ளாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளை அறிவியல் முறையில் ஆராயத் தொடங்கினார். 1930களில் மைசூர் மன்னரின் ஆதரவில், அரண்மனைச் சூழலில் இளைஞர்களுக்கு ஆசனங்களைக் கற்பித்தார் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட ஆங்கில நூல், ஏறத்தாழ 600 படங்களுடன் உலகெங்கும் பரவியது. இன்று நம் மனக்கண்ணில் தோன்றும் உருவம் பெரும்பாலும் இக்காலத்தில் தீட்டப்பட்டதே. அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. நலம் பெற்றோர் மிகப் பலர். ஆயினும், பகுதியையே முழுமை எனக் கொள்ளுதல் கூடாது.

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்னும் மருத்துவர், 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பானை அடுத்த ஒரு தோட்ட மருத்துவமனையில் சில ஆண்டுகளும், பின்னர் ஜொகூர்பாருவிலும் பணியாற்றினார். 1923இல் தாயகம் திரும்பிய அவர், 1924இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

அவர் பணியாற்றிய காலத்துத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். மலேரியாவும் சோகையும் நம் முன்னோரை வாட்டின. பொழுது புலருமுன் பெரட்டுக்கு நின்று, குனிந்தும் நிமிர்ந்தும் பால்மரம் சீவி, நிறைந்த வாளிகளைச் சுமந்தவர் அவர்கள். அவ்வுடல்களைப் பிறர் கணக்கிட்டனர். பெயர் ஏடு எண்ணியது. நிறைகோல் பாலை அளந்தது. உடலுக்கு உரியவரோ, அது படுக்கையில் விழும் வரை அதன் குரலைக் கேட்க நேரம் பெற்றாரில்லை. உடல் தமக்குரியது என்ற எண்ணமே மங்கிப்போகும் வாழ்க்கை அது.

சிவானந்தர் பிற்காலத்தில் எழுதிய அறிவுரைகள் துறவிகளுக்கு மட்டும் உரியனவல்ல. வைகறையில் எழுதல், அளவறிந்து உண்ணல், நாள்தோறும் சிறிது உடற்பயிற்சி, தன் நடத்தையைத் தானே குறித்துவைக்கும் நாட்குறிப்பு ஆகியவை இல்லறத்தாருக்கும் இயல்வன. நோயாளிகளோடு பழகிய ஒரு மருத்துவரின் கண்ணோட்டத்தை அவற்றில் காணலாம்.

பள்ளியில் நாம் பிள்ளைகளை நோக்கி, ‘நிமிர்ந்து உட்கார்’ என்கின்றோம். ஆசிரியர் பார்க்கும் வரை பிள்ளை நிமிர்கின்றது. முகம் திரும்பியவுடன் மீண்டும் கூனுகின்றது. அது வெளியிலிருந்து வரும் கட்டளை. ‘உன் முதுகு இப்பொழுது எவ்வாறு இருக்கின்றது? உன் மூச்சு விரைகின்றதா, அமைதியாக உள்ளதா?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தன்னைத் தானே நோக்கத் தொடங்குகின்றது. சினம் எழும்போது தாடை இறுகுவதையும், அச்சம் வரும்போது வயிறு சுருங்குவதையும் உணரக் கற்ற பிள்ளை, சொல்லை உதிர்க்குமுன் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்தில்தான் தீங்கு செய்யாமை என்னும் முதல் இயமம் உயிர்பெறுகின்றது.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், ஐக்கிய நாட்டு அவை ஜூன் 21ஆம் நாளை அனைத்துலக யோகா நாளாக அறிவித்தது. உலகம் ஒருநாள் கொண்டாடட்டும். நாமோ ஒவ்வொரு நாளும் உண்ணும்போதும், நடக்கும்போதும், கைப்பேசியில் தலை கவிழ்ந்திருக்கும்போதும் ஒரு கணம் உடலை நோக்குவோமாக. முன்னோரின் உடலைப் பிறர் அளந்த காலம் கழிந்தது. நம் உடலை நாமே அறிந்து பேணுதல் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனும் ஆகும்.