விலாங்கு மீனும் இஸ்மத் இனோனுவும்

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்குன்னு நம்மூர்ல ஒருத்தரைச் சொன்னா அது திட்டு. ஆனா ஒரு நாடே அஞ்சரை வருஷம் விலாங்கா இருந்து, உலகமே பத்தி எரிஞ்சப்ப தன் வீட்டை மட்டும் காப்பாத்திக்கிட்ட கதை ஒண்ணு இருக்கு. இரண்டாம் உலகப்போர் காலத்துத் துருக்கி.

அப்போ அதிபர் இஸ்மத் இனோனு. பழைய ராணுவத் தளபதி, காது கொஞ்சம் மந்தம். 1923-ல் லோசான் பேச்சுவார்த்தையில் பிரிட்டனின் கர்சன் பிரபு மணிக்கணக்கா முழங்கும்போது, பிடிக்காத விஷயம் மட்டும் இவர் காதில் விழாதுன்னு சொல்லுவாங்க. (ரெண்டு மேனேஜருக்கு நடுவுல மாட்டின டெவலப்பருக்கு இந்த வித்தை நல்லாவே புரியும் :-))

இனோனு கோழை இல்லை. 1914-ல் ஜெர்மனி பக்கம் சேர்ந்து ஓட்டோமான் பேரரசு மொத்தமும் கரைஞ்சு போனதைக் கண்ணால் பார்த்தவர். மிச்சமிருந்த நாட்டை மீட்க 1922 வரை சண்டை போட்டவர். இன்னொரு போரை நாடு தாங்காதுன்னு அவருக்குத் தெரியும்.

வரைபடத்தை ஒரு தடவை பாருங்க. வடகிழக்கே சோவியத் ரஷ்யா. மேற்குக் கரையை ஒட்டின ரோட்ஸ் முதலான தீவுகளில் முசோலினியின் இத்தாலி. 1941-ல் கிரீசுக்கும் பல்கேரியாவுக்கும் ஹிட்லர் படை வந்தாச்சு. தெற்கே ஈராக்கில் பிரிட்டன். கருங்கடலுக்கு ஒரே வாசலான போஸ்பரஸ், டார்டனெல்ஸ் ஜலசந்திகளின் சாவி, 1936 மோந்த்ரோ ஒப்பந்தப்படி துருக்கி கையில். அதனால எல்லாருக்கும் துருக்கி வேணும்.

விளையாட்டு ஆரம்பிச்சுது. 1939 அக்டோபரில் பிரிட்டன், பிரான்சோடு பரஸ்பர உதவி ஒப்பந்தம். 1941 ஜூன் 18-ல் ஜெர்மனியோடு நட்பு ஒப்பந்தம். நாலாவது நாள் ஹிட்லர் ரஷ்யா மேல பாய்ஞ்சார்! எஃகைக் கெட்டியாக்கத் தேவைப்படும் குரோமியத் தாதுவை ரெண்டு பக்கமும் வாங்கினாங்க, துருக்கி ரெண்டு பக்கமும் வித்தது. 1943 ஜனவரியில் சர்ச்சிலே அதானா பக்கம் வந்து ரயில் பெட்டியில் உக்காந்து பேசினார். டிசம்பரில் கெய்ரோவில் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்துகிட்டார். இனோனு ஒருபோதும் முடியாதுன்னு சொல்லலை. வர்றோம், முதல்ல ஆயுதம் குடுங்கன்னார். ஆயுதப் பட்டியல்தான் நீண்டுகிட்டே போச்சு.

கடைசியில், 1945 மார்ச் 1-க்குள் போர் அறிவிச்ச நாடுகளுக்குத்தான் ஐ.நா.வைத் தொடங்கும் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இடம்னு சொன்னாங்க. பிப்ரவரி 23-ல் துருக்கி ஜெர்மனி மேல போர் அறிவிச்சது. ஒரு குண்டு கூட சுடலை.

இதுவரைக்கும் படிச்சா "அடேங்கப்பா, ராஜதந்திரம்!"னு கைதட்டத் தோணும். பல புத்தகங்கள் இங்கேயே நிறுத்திடும். எனக்கு உறுத்துறது வேற ஒரு பிப்ரவரி 23. சரியா மூணு வருஷம் முன்னாடி, 1942.

ருமேனியாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளோடு ஸ்ட்ரூமான்னு ஒரு ஓட்டைக் கப்பல், எஞ்சின் பழுதாகி, இஸ்தான்புல் துறைமுகத்தில் ரெண்டு மாசத்துக்கு மேல நின்னுது. உள்ளே 750 பேருக்கும் மேல். பாலஸ்தீனத்துக்கு விசா தர பிரிட்டன் மறுத்தது. கரையிறங்கத் துருக்கி விடலை. விசா வச்சிருந்த சிலரும் ஒரு கர்ப்பிணியும்தான் இறங்க முடிஞ்சுது. பிப்ரவரி 23-ல் அந்தக் கப்பலைக் கருங்கடலுக்கு இழுத்துட்டுப் போய், ஓடாத எஞ்சினோடு விட்டுட்டு வந்தாங்க. மறுநாள் காலை சோவியத் நீர்மூழ்கி ஒண்ணு டார்பிடோ அடிச்சுது. பிழைச்சது ஒரே ஒருத்தர்.

இத்தனைக்கும் இதே துருக்கிதான் பட்டினியில் சாகிற கிரேக்கர்களுக்குக் குர்துலுஷ் என்ற கப்பலில் உணவு அனுப்பிக்கிட்டு இருந்தது. மனசில்லாத நாடுன்னு சொல்லிட முடியாது. ஆனா யாரையும் பகைச்சுக்கக் கூடாதுங்கிறது ஒரு கொள்கையாகவே ஆயிட்டா, யாருக்கும் வேண்டாதவனை ஏத்துக்கிறதும் ஆபத்தாத் தெரிய ஆரம்பிச்சுடுது.

அடுத்த பில் உள்நாட்டில். சண்டை போடலைன்னாலும் பெரிய படையைத் தயாரா வச்சிருக்கணும், விலைவாசி எகிறுது. 1942 நவம்பரில் 'வார்லிக் வெர்கிசி'ன்னு ஒரு வரி, சொத்து மேல ஒரு தடவை வசூல். காகிதத்தில் எல்லாருக்கும் பொது. நடைமுறையில் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர்களுக்குப் பல மடங்கு. பதினைஞ்சு நாளில் கட்டணும், மேல்முறையீடு கிடையாது. கடையை வித்தும் கட்ட முடியாதவங்களைக் கிழக்கே அஷ்காலே முகாமுக்குக் கல்லுடைக்க அனுப்பினாங்க. போனவங்க எல்லாருமே முஸ்லிம் அல்லாதவங்க. 1944 மார்ச்சில் வரியை ரத்து பண்ணினாங்க, ஆனா போன கடை திரும்பலை.

சரி, விலாங்கு வித்தையாவது நிலைச்சுதா? 1945 ஜூனில் சோவியத் யூனியன் கார்ஸ், அர்தஹான் பகுதிகளையும் ஜலசந்தியில் ராணுவத் தளத்தையும் கேட்டுது. 1946 ஏப்ரலில், வாஷிங்டனில் இறந்துபோன துருக்கித் தூதரின் உடலைக் கொண்டு வர்ற சாக்கில், அமெரிக்காவின் மிசௌரி போர்க்கப்பல் இஸ்தான்புல் வந்து நின்னுது. 1952-ல் துருக்கி நேட்டோவுக்குள்.

வித்தை மட்டும் மறக்கலை. 2019-ல் நேட்டோவில் இருந்துகிட்டே ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை வாங்கி, அமெரிக்காவின் எஃப்-35 விமானத் திட்டத்திலிருந்து வெளியேத்தப்பட்டது. 2022-ல் உக்ரைனுக்கு ட்ரோன், ரஷ்யாவோடு வியாபாரம், அதே மோந்த்ரோ சாவியைப் போட்டு ரெண்டு பேர் போர்க்கப்பலுக்கும் பூட்டு.

இனோனுவை நான் குறை சொல்ல வரலை. கிரீசுக்கு நடந்தது இஸ்தான்புல்லுக்கு நடக்காம பார்த்துக்கிட்டார், அது சின்ன விஷயமில்லை. ஆனா ஒரு நாடு போருக்கு வெளியே நின்னுதுன்னு படிக்கும்போது, அதுக்கான விலையை யார் கட்டினாங்கன்னும் கேட்கணும். அஷ்காலேயில் பனியில் கல் உடைச்சவருக்குத் துருக்கி நடுநிலை நாடுன்னு யாராவது சொல்லியிருந்தா, அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?