கால்நகப் பூஞ்சைத் தொற்று

கால்விரல் நகத்தையும் நகப்படுகையையும் பூஞ்சைகள் தாக்குவதால் உண்டாகும் நாள்பட்ட நோய். பெரும்பாலும் டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்னும் தோல்பூஞ்சையால் வருகிறது; கேண்டிடாவும் பிற பூசணங்களும் அரிதாகக் காரணமாகும். நகம் மஞ்சளித்து, தடித்து, பொடியும். சோரியாசிஸ், காயம் ஆகியவையும் இதே தோற்றம் தருவதால், நகத்துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்வது இன்றியமையாதது. சிகிச்சையில், 1950களின் இறுதியில் வந்த கிரிசியோபுல்வின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தின் இடத்தை இன்று டெர்பினாபின் மாத்திரை பிடித்துள்ளது: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மி.கி., 12 வாரங்கள். கல்லீரல் நோயுள்ளோருக்கு இம்மருந்து ஏற்றதன்று. பூஞ்சை அழிந்தாலும் நகம் உடனே தெளியாது; முழுதும் புதிதாய் வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகும். நீரிழிவு நோயாளிகளுக்குத் தடித்த நகம் பாதப்புண்ணுக்கு வழிவகுக்கும் என்பதால் சிகிச்சையில் தாமதம் கூடாது. சேற்றுப்புண்ணை உடனே குணப்படுத்துவது, விரலிடுக்கை உலர்வாக வைப்பது, நகவெட்டியைப் பகிராதிருப்பது ஆகியவை தடுப்புமுறைகள்.