சுண்டெலிகள் திருத்திய பிழை

விஞ்ஞான வரலாறு என்றதும் மேதைகள் சிலரின் பெயர்களையே நாம் மாணவர்க்கு ஒப்புவிக்கிறோம். புற்றுக்கலத்தின் மேற்பரப்பை மனிதன் அறிந்த வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஒரு சுண்டெலியின் கட்டியை மற்றொன்றிற் பதித்தனர். பல எலிகளில் அது கரைந்து மறைந்தது. புற்றுநோய்க்குத் தடுப்பு கிட்டிவிட்டதென்று பலர் மகிழ்ந்தனர். அது வெறும் மயக்கமே. அவ்வெலிகள் எதிர்த்தது புற்றையன்று, அந்நிய இழையத்தை.

மயக்கம் தெளிய, ஒரே மரபுடைய எலிகள் வேண்டியிருந்தன. அத்தகைய இனங்களுட் புகழ்பெற்ற சி57 கறுப்பெலியின் மூதாதைகளை அமெரிக்காவின் கிரான்பி என்னும் சிற்றூரில் வளர்த்தவர், அபி லாத்ரொப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை. 1918இல் மறைந்த அவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1936இல் லண்டனிலே பீற்றர் கோரர், தமது சொந்தக் குருதியின் நீர்ப்பாயத்தைக் கொண்டே எலியினங்களின் செங்குழியங்களை வேறுபடுத்திக் காட்டினார். பின்னாளில் மார்க்சீயராகப் பெயர்பெற்ற ஹால்டேனிடம் மரபியல் பயின்றவர் அவர். அடுத்த ஆண்டில், கட்டியை உதறிய எலிகளின் குருதியிற் பிறபொருளெதிரிகளைக் கண்டார். அவை கட்டியையும், அக்கட்டிக்குரிய இனத்தின் செங்குழியங்களையும் ஒருங்கே தாக்கின. இரண்டின் மேற்பரப்பிலும் இருந்தது ஒரே அடையாளப்பொருள். அதாவது, ஒரே பிறபொருளெதிரியாக்கி. 1948இல் அமெரிக்கரான ஜோர்ஜ் சினெல்லின் ஆய்வும் இதனோடு இணைய, எச்-2 என்னும் மரபிடம் தெளிவாயிற்று.

அப்படியாயின் புற்றுக்கெனத் தனி அடையாளமே இல்லையா? 1957இல் பிறெனும் மெயினும் ஒரே மரபுடைய எலிகளில் இரசாயனத்தாற் கட்டிகளை உண்டாக்கினர். ஒரு கட்டிக்கு எதிர்ப்புப் பெற்ற எலிகள் அக்கட்டியை விலக்கின. ஆனால் அது முதலில் தோன்றிய எலியின் தோலை ஏற்றுக்கொண்டன. 1960இல் சுவீடனின் கிளைன் குழுவினர், கட்டி தோன்றிய எலியிலேயே இவ்வெதிர்ப்பை உண்டாக்க முடியுமென நிறுவினர்.

எனினும் வரலாறு மற்றோர் எச்சரிக்கையும் விடுத்தது. ஓல்டும் போய்சும் 1960களில் நியூயோர்க்கில் வெண்குருதிப் புற்றுக்கலங்களிற் கண்ட ரீ.எல். என்னும் அடையாளம், சில இன எலிகளின் நோயற்ற தைமஸ் கலங்களிலும் காணப்பட்டது. புற்றிற் காண்பதெல்லாம் புற்றுக்கே உரியதன்று.

1980இல் சினெல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இறந்தோர்க்கு அப்பரிசு இல்லையாதலால், 1961இல் மறைந்த கோரருக்கு அது கிட்டவில்லை. ஆசிரியைக்கோ பாடநூலிலும் இடமில்லை. இவர்களையும், இவர்கள் திருத்திய பிழையையும் சேர்த்தே நாம் வகுப்பறையிற் கற்பிப்போமாக.